கிட் சேர்வரை இன்டர்நெட்டுக்குத் திறக்கிறதெண்டா, எதுக்குப் பிறகு எது?

கோட்டையும் அதில செய்யிற மாத்தங்களையும் சேமிச்சு வைக்கிற கிட் சேர்வர் ஒண்டைச் சொந்தமாப் போடுறது இப்ப அரை மணித்தியால வேலை. புரோகிராமுகளைத் தனித்தனிப் பெட்டியில (கொன்டெய்னர்) ஓட விடுற டொக்கரில கொஞ்ச வரி எழுதினா கிட்டீ எண்ட கிட் சேர்வர் புரோகிராம் ஓடத் தொடங்கிரும். கஷ்டம் அதில இல்ல, அதை வெளியில திறக்கிற ஒழுங்கிலதான் இருக்கு. வெள்ளவத்தையில நாங்கள் ஆறு பேர் வேலை செய்யிற சின்ன ஒஃபிஸுக்கு நான் இதை ரெண்டு தரம் போட்டிருக்கிறன், முதல் தரம் பிழையா. பிறகு கம்பஸ் முடிச்சு வந்த பிள்ளையள் போடேக்க பக்கத்தில இருந்து பார்த்திருக்கிறன், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே இடத்திலதான் சறுக்கினம்: முதல்ல நிறுவி, போர்ட்டை (சேர்வருக்குள்ள வாற நம்பர் போட்ட வாசல்) திறந்து, "ஆ, வேலை செய்யுது" எண்டு சந்தோஷப்பட்டு, பாதுகாப்பைப் பிறகு பார்ப்பம் எண்டு விடுறது. அந்தப் பிறகு வாறதுக்குள்ள வேற ஆக்கள் வந்திருவினம்.

அதால இதில கதவைத் திறக்கிறது 7ஆவது படியிலதான் வரும். அதுக்கு முந்தின எல்லாம் பூட்டுற வேலை. கிட்டீயை வச்சுத்தான் எழுதிறன், ஃபோர்ஜேயோ அதிலயிருந்து பிரிஞ்சு வந்ததால செட்டிங் பேரெல்லாம் கிட்டத்தட்ட அதேதான். கொமான்டுகளை வரிவரியாப் போடேல்ல, அதுகள் டொக்கியுமென்டேஷனில ஒழுங்கா இருக்கு. இங்க ஏன், எப்ப எண்ட ரெண்டும்தான்.

1. திறக்கத்தான் வேணுமா?

பாவிக்கிறது அஞ்சாறு பேர், எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள், வெளியாள் ஒருத்தருக்கும் ரெப்போ (கோட் இருக்கிற ஃபோல்டர்) பார்க்கத் தேவையில்லை எண்டா, உங்களுக்கு மட்டுமான விபிஎன் வலையை உருவாக்கிற வயர்கார்டோ டெய்ல்ஸ்கேலோ போட்டு அதுக்குள்ளேயே சேர்வரை வச்சிருங்கோ. வயர்கார்டுக்கு சரியான கீ இல்லாத ஆள் வந்து தட்டினா அது பதிலே சொல்லாது, ஸ்கேன் பண்ணுறவனுக்கு அங்க ஒண்டு இருக்கெண்டே தெரியாது. கீழ இருக்கிற தலையிடியில பாதி அதோட போயிரும்.

கிளையன்ட் ஒருத்தர் ரெப்போவைப் பார்க்க வேணும், இல்லாட்டி ஓப்பன் சோர்ஸா விட வேணும், இல்லாட்டி வெளியில ஓடுற பில்ட் சேர்வர் வந்து கோட் எடுக்க வேணும் எண்டாத்தான் மிச்சத்தை வாசியுங்கோ.

2. தொடங்க முந்தி கையில இருக்க வேண்டியது

முதல்ல இடம். கனபேர் வீட்டில சும்மா கிடக்கிற பழைய கொம்பியூட்டரில போட்டு வீட்டு இன்டர்நெட்டாலேயே திறக்கப் பார்க்கினம். அதுக்கு முதல் ரவுட்டருக்குள்ள போய் அதின்ட வெளி ஐபி என்னெண்டு பாருங்கோ. 100.64 இலயிருந்து 100.127 வரைக்கும் உள்ள ஏதாவதில தொடங்கினா, இல்லாட்டி பிரௌசரில "என்ட ஐபி என்ன" எண்டு கேட்டா வாறதும் ரவுட்டரில இருக்கிறதும் வேற வேறயா இருந்தா, நீங்கள் நிறையப் பேரோட ஒரு ஐபியைப் பங்கு போடுறீங்கள் எண்டு அர்த்தம். ரவுட்டரில எவ்வளவு போர்ட் ஃபோர்வர்ட் போட்டாலும் வெளியில இருந்து ஒண்டும் உள்ள வராது. ஒரு தம்பி இது தெரியாம ரெண்டு நாள் முழுக்க ரவுட்டர் செட்டிங்கோட சண்டை பிடிச்சவர்.

கரண்டும் இருக்கு. 2025 பெப்ரவரி 9 பாணந்துறையில ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க இருட்டானது நினைவிருக்கும்தானே, வீட்டு யுபிஎஸ் அதுக்கெல்லாம் தாங்காது. அதால சிங்கப்பூரிலயோ இந்தியாவிலயோ இருக்கிற ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கிற சேர்வர்) எடுங்கோ, பெரிய கொம்பனிகளின்ட டேட்டா சென்டருகளில எங்களுக்குக் கிட்ட இருக்கிறது அங்கதான். கிட்டீக்கு 1 ஜிபி ரேம் சின்ன டீமுக்குக் காணும். கிட்லாப் எண்ட பெரிய கிட் சேர்வரைப் போடப்போறீங்கள் எண்டா அதுக்குப் பல மடங்கு வேணும், ஆறு பேருக்கு அது தேவையுமில்ல, என்னைக் கேட்டா.

இதோட ஒரு டொமைன், போனில கோட் காட்டுற ஒத்தென்டிகேட்டர் ஆப், விபிஎஸ்காரன்ட வெப் கொன்சோலுக்குள்ள போற வழி. இந்தக் கடைசியை முதலே ஒருக்காத் திறந்து பாருங்கோ, 3ஆவது படியில உங்களை நீங்களே வெளியில வச்சுப் பூட்டிட்டா உள்ள போக அது ஒண்டுதான் மிஞ்சும்.

3. சேர்வருக்குள்ள நீங்கள் போற வழியைப் பூட்டுறது

தூர இருந்து சேர்வருக்குள்ள போற வழியான எஸ்எஸ்எச்சுக்கு பாஸ்வேர்ட் வேண்டாம், கீ ஃபைல் மட்டும். புதுசா உருவாக்கிறதெண்டா ஈடி25519 வகை. எல்லா உரிமையும் உள்ள ரூட் எக்கவுன்ட் நேரா லொகின் ஆகிறதையும் நிப்பாட்டுங்கோ. காரணம், புது ஐபி ஒண்டு ஓடத் தொடங்கின உடனேயே போட்டுகள் (தானா ஓடித் திரியிற புரோகிராமுகள்) எஸ்எஸ்எச்சின்ட 22ஆம் போர்ட்டில வந்து ரூட், அட்மின், கிட் எண்டு பேர் பேராப் போட்டு பாஸ்வேர்ட் அடிச்சுப் பார்க்கத் தொடங்கிரும். உங்களை ஆருக்கும் தெரியத் தேவையில்லை, அதுகள் எல்லாக் கதவையும் தட்டும்.

இங்க ஒரு பொறி. உபுண்டு விபிஎஸ் கனத்தில, பிரதான கொன்பிக் ஃபைலில பாஸ்வேர்ட் வேண்டாம் எண்டு நீங்கள் எழுதினாலும், பக்கத்து ஃபோல்டரில 50 எண்டு தொடங்கிற, விபிஎஸ்ஸை முதல் தரம் தயார்படுத்திற கிளவுட் இனிட் போட்ட ஃபைல் ஒண்டு பாஸ்வேர்ட் வேணும் எண்டு சொல்லிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்எச் முதல்ல கண்ட பெறுமதியைத்தான் எடுக்கும், பிறகு வாறதைக் கணக்கெடுக்காது, அந்த ஃபோல்டரைத்தான் அது முதல்ல வாசிக்குது. அதால உங்கட செட்டிங்கை அதே ஃபோல்டரில 10 எண்டு தொடங்கிற பேரில ஒரு ஃபைலாப் போடுங்கோ. பிறகு எஸ்எஸ்எச்டியை பெரிய டி ஒப்ஷனோட ஓட்டிப் பார்த்தா உண்மையில எது அமலில இருக்கெண்டு அது சொல்லும், ஃபைலை நம்பாம அதை நம்புங்கோ.

மாத்தினாப் பிறகு இருக்கிற டேர்மினலை மூடாம இன்னொரு டேர்மினலில புதுசா லொகின் ஆகிப் பாருங்கோ. அது சரிவந்தாத்தான் பழசை மூடலாம்.

நேர வலயத்தையும் இப்பவே ஆசியா கொழும்பு எண்டு மாத்தி விடுங்கோ. விபிஎஸ் எல்லாம் யுடிசியில வரும், விடிய 2 மணிக்கெண்டு நினைச்சுப் போட்ட பெக்கப் எங்கட நேரத்துக்குக் காலமை 7.30க்கு ஓடும். லொக்கில ஒரு கள்ளனைத் தேடேக்கயும் அஞ்சரை மணித்தியாலம் கூட்டிக் கழிச்சுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

4. பயர்வோலும், அதுக்குக் கீழால போற டொக்கரும்

பயர்வோலில எல்லாத்தையும் மூடி, இப்போதைக்கு 22ஐ மட்டும் திறவுங்கோ. வெப் பக்கங்களுக்கான 80உம் 443உம் பிறகு. பயர்வோலை ஒன் பண்ண முந்தி 22க்கு அனுமதி குடுத்தாச்சா எண்டு பாருங்கோ, சிரிக்காதேங்கோ, நானே ஒருக்கா மறந்திருக்கிறன்.

இனித்தான் முக்கியமான விஷயம், இந்த முழுக் கட்டுரையில ஒண்டை மட்டும் வாசிப்பீங்கள் எண்டா இதை வாசியுங்கோ. டொக்கரில ஒரு போர்ட்டை வழமையான மாதிரி 3000:3000 எண்டு எழுதினா டொக்கர் தானாவே லினக்ஸின்ட அடிப்படைப் பயர்வோலான ஐபிடேபிள்ஸில தன்ட விதியளைப் போட்டு அந்தப் போர்ட்டை உலகத்துக்கே திறந்து விடும். உபுண்டுவிட பயர்வோல் கருவியான யுஎஃப்டபிள்யூவிட விதியளைப் பார்க்க முந்தியே வெளியில இருந்து வாற பக்கெட் கொன்டெய்னருக்குள்ள போயிரும். யுஎஃப்டபிள்யூவிட்ட கேட்டா 3000 மூடியிருக்கு எண்டுதான் சொல்லும், அது பொய் சொல்லேல்ல, அதுக்குத் தெரியாது.

நான் முதல் தரம் விழுந்தது இந்தக் கிடங்கிலதான். பயர்வோல் இருக்குதானே எண்ட தைரியத்தில பின்னேரம் நிறுவிட்டு வீட்ட போயிட்டன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா நான் அறியாத நாற்பதுக்கு மேல எக்கவுன்ட், எல்லாற்ற புரொஃபைலிலயும் கசினோ லிங்க். கோட் ஒண்டும் போகேல்ல எண்டுதான் நினைக்கிறன், ஆனா நினைக்கிறன் எண்டு சொல்ல வேண்டி வாறதே ஒரு அவமானம். முழுக்க அழிச்சுப் புதுசாப் போட்டன்.

பரிகாரம் சின்னன். போர்ட்டுக்கு முன்னால 127.0.0.1 எண்டு சேர்த்து 127.0.0.1:3000:3000 எண்டு எழுதுங்கோ. அப்ப அந்தச் சேர்வருக்குள்ள இருக்கிற புரோகிராமுகள் மட்டும்தான் அதைத் தொட ஏலும். டேட்டாபேஸ் கொன்டெய்னருக்கு போர்ட் வரியே வேண்டாம், கிட்டீ அதை டொக்கர் நெட்வேர்க்குக்குள்ளால பிடிக்கும். இணையத்தில கொப்பி பண்ணுற உதாரணங்களில டேட்டாபேஸ் போர்ட் திறந்து கிடக்கிறது சர்வ சாதாரணம், பார்த்து வெட்டுங்கோ. விபிஎஸ்காரன் வெளியில தன்ட பயர்வோல் தந்தா அதையும் போடுங்கோ, டொக்கரால அதைத் தாண்ட ஏலாது.

5. கதவு பூட்டியிருக்கேக்கயே நிறுவி முடிக்கிறது

கிட்டீ முதல் தரம் ஓடேக்க ஒரு நிறுவல் பக்கம் காட்டும், அதை ஆர் முதல்ல நிரப்பினமோ சேர்வர் அவையின்ட. முதலாவதாப் பதியிற எக்கவுன்டுக்குத்தான் அட்மின் உரிமை போகும். அதால இந்தப் பக்கத்தை இன்டர்நெட்டில வச்சுத் திறக்கவே கூடாது. எஸ்எஸ்எச் டனல் (எஸ்எஸ்எச்சுக்குள்ளால லெப்டொப் போர்ட்டைச் சேர்வர் போர்ட்டோட இணைக்கிறது) ஒண்டு போட்டு உங்கட லெப்டொப்பிலயிருந்தே திறவுங்கோ. லெப்டொப் பக்கத்துக்கு 13000 மாதிரி ஒரு போர்ட் எடுங்கோ, ஏனெண்டா 3000இல உங்கட ரியாக்ட் புரொஜெக்ட் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், பிறகு ஏன் கிட்டீ வரேல்ல எண்டு மண்டையை உடைப்பீங்கள்.

அட்மின் எக்கவுன்டை அந்தப் பக்கத்திலேயே உருவாக்குங்கோ, அட்மின் எண்ட பேர் வேண்டாம். பிறகு கிட்டீயிட செட்டிங் எல்லாம் இருக்கிற ஆப் டொட் ஐஎன்ஐ ஃபைலில கீழ இருக்கிறதுகளைப் பாருங்கோ.

டிஸேபிள் ரெஜிஸ்ட்ரேஷன் ட்ரூ ஆக இருக்க வேணும். புது ஆளை அட்மின் சேர்த்தா காணும், ஆறு பேருக்குப் பதிவுப் பக்கம் என்னத்துக்கு? 2025இல கோக்ஸ் எண்ட, கிட்டீக்கு மூலமான சேர்வரில ஒரு ஓட்டை வழியா நூற்றுக்கணக்கான சேர்வர் பிடிபட்டது. அதைப் பாவிக்க உள்ள ஒரு எக்கவுன்ட் வேணும், பதிவு திறந்து கிடந்த சேர்வர்களில அந்த எக்கவுன்டை அவையள் தாங்களே உருவாக்கிக்கொண்டினம்.

ரிக்வயர் சைன்இன் வியூவும் ட்ரூ, பப்ளிக் ரெப்போ ஒண்டும் இல்லாட்டி. இது இல்லாட்டி ரெப்போ பிரைவேட்டா இருந்தாலும் எக்ஸ்புளோர் பக்கத்தில உங்கட ஆக்களின்ட பேர்ப் பட்டியலை ஆரும் பார்க்கலாம், பாஸ்வேர்ட் அடிச்சுப் பார்க்கிறவனுக்கு பாதி வேலை முடிஞ்சுது. புது ரெப்போ பிரைவேட்டாத்தான் தொடங்க வேணும் எண்டும் வையுங்கோ. இன்ஸ்டோல் லொக் ட்ரூவா எண்டு ஒருக்காக் கண்ணால பாருங்கோ, இல்லாட்டி அந்த நிறுவல் பக்கம் திரும்ப வரும்.

ரூட் யுஆர்எல்லில எச்டிடிபிஎஸ்ஸோட உங்கட முழு டொமைனையும் எழுதுங்கோ. பிழையா இருந்தா குளோன் லிங்கெல்லாம் லோக்கல்ஹோஸ்ட் எண்டு காட்டும்.

எல்லாருக்கும் ரெண்டாங்கட்ட சரிபார்ப்பு (பாஸ்வேர்டோட போன் ஆப் காட்டுற கோடும் கேக்கிறது), அட்மினுக்குக் கட்டாயம். அதைப் போட்ட அடுத்த நாள் "புஷ் பண்ண (கோட்டைச் சேர்வருக்கு அனுப்ப) ஏலாம இருக்கு, பாஸ்வேர்ட் சரிதானே" எண்டு ஒருத்தர் வருவார். எச்டிடிபிஎஸ்ஸால புஷ் பண்ணேக்க இனிப் பாஸ்வேர்ட் வேலை செய்யாது, கிட்டீயில டோக்கன் எடுத்து பாஸ்வேர்டுக்குப் பதிலாப் போட வேணும். முதலே சொல்லி வையுங்கோ.

பில்ட் ஓடுற ரன்னரை இதே சேர்வரில வைக்காதேங்கோ. ரன்னருக்கு டொக்கரையே கட்டுப்படுத்திற டொக்கர் சொக்கெட்டைக் குடுத்தா ரூட்டைக் குடுத்த மாதிரித்தான், ரெப்போவில ஒரு ஃபைலை மாத்தக்கூடிய ஆருமே சேர்வர் முழுக்கத் தொடலாம்.

6. பெக்கப், திறக்க முந்தி

ஏன் இவ்வளவு முந்தி எண்டு கேப்பீங்கள். திறந்தாப் பிறகு ஆக்கள் கோட் போடத் தொடங்கிருவினம், அதுக்குப் பிறகு ஒருத்தரும் பெக்கப்பைச் சோதிச்சுப் பார்க்க மாட்டினம். வெறுமையா இருக்கேக்கதான் பயமில்லாம அழிச்சுத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.

எடுக்க வேண்டியது மூண்டு: ரெப்போ ஃபோல்டர், டேட்டாபேஸ், ஆப் டொட் ஐஎன்ஐ. மூண்டாவதைத்தான் விடுறவை. அதுக்குள்ள சீக்ரெட் கீ எண்டு ஒண்டு இருக்கு, அது இல்லாட்டி டேட்டாபேஸில மறைச்சு வச்சிருக்கிற ரெண்டாங்கட்ட சரிபார்ப்பு விபரங்களைத் திரும்ப விளங்க வைக்க ஏலாது. கிட்டீயிட டம்ப் கொமான்ட் மூண்டையும் ஒரு சிப்பாக் கட்டித் தரும். அந்த சிப் அதே சேர்வரிலேயே கிடந்தா அது பெக்கப் இல்ல. வேற இடத்துக்கு அனுப்புங்கோ, இன்னொரு சேர்வரில ஒருக்கா உயிர்ப்பிச்சும் பாருங்கோ.

7. இப்ப கதவு: டொமைன், சேர்ட்டிபிகேட், பிரொக்சி

டொமைனில கிட் எண்டு ஒரு சப் டொமைன் போட்டு ஐபிக்குக் காட்டுங்கோ, அது பரவினதை உறுதிப்படுத்தினாப் பிறகு 80, 443 ரெண்டையும் திறவுங்கோ. 80 எதுக்கெண்டா, இலவசமா சேர்ட்டிபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட், டொமைன் உங்கடதுதானா எண்டு பார்க்க அதாலதான் வழமையா வரும்.

வெளியில இருந்து வாற கோரிக்கையை வாங்கி உள்ள இருக்கிற கிட்டீக்குக் குடுக்க முன்னால ஒரு பிரொக்சி நிக்க வேணும், புதுசா வாறவைக்கு நான் கெடியைத்தான் சொல்லுவன், சேர்ட்டிபிகேட்டை அதே எடுக்கும், அதே புதுப்பிக்கும். எஞ்சின்எக்ஸ் தெரிஞ்சா அதுவும் சரி. ஆனா எஞ்சின்எக்ஸில ஒரு கோரிக்கையின்ட அளவு சும்மா விட்டா 1 எம்பிதான். சின்னச் சின்ன புஷ் எல்லாம் போகும், ஒரு நாள் படம் கொஞ்சம் சேர்த்துப் புஷ் பண்ணேக்க 413 எண்ட பிழையோட நிக்கும், ஆக்கள் கிட்டீயைத் திட்டுவினம். கிளையன்ட் மக்ஸ் பொடி சைஸைக் கூட்டி விடுங்கோ. கிளவுட்ஃபிளேர் எண்ட வெளிப் பிரொக்சி சேவையை முன்னால வச்சாலும் இலவசத் திட்டத்தில 100 எம்பிக்கு மேல ஒரே தரத்தில ஏத்த ஏலாது.

டிஎன்எஸ் (டொமைனை ஐபிக்குக் காட்டுற பதிவு) பரவ முந்தி அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப சேர்ட்டிபிகேட் கேக்காதேங்கோ. ஒரு பேருக்கு மணித்தியாலத்துக்கு 5 தரம் தோத்தா லெட்ஸ் என்கிரிப்ட் நிப்பாட்டி வைக்கும். பழகிப் பார்க்க அவையளின்ட ஸ்டேஜிங் எண்ட சோதனைச் சேர்வர் இருக்கு.

ஆருக்கும் சொல்லாத சப் டொமைன், ஆர் வரப்போயினம் எண்டு நினைக்கிறதும் பிழை. சேர்ட்டிபிகேட் ஒண்டு குடுத்த உடனே அந்தப் பேர் பொதுப் பதிவேட்டில ஏறும், அதை இருபத்துநாலு மணித்தியாலமும் வாசிச்சுக்கொண்டிருக்கிற போட்டுகள் இருக்கு. கொஞ்ச நேரத்திலேயே லொக்கில அந்நிய ஐபிகள் தெரியும். இதுக்குத்தான் பூட்டுற வேலையெல்லாம் முதல்.

கிட்டுக்கான எஸ்எஸ்எச் வேற போர்ட்டில, 2222 எண்டு வைப்பம். 22 சேர்வருக்கே வேணும். இந்தப் போர்ட்டை மட்டும் 127.0.0.1 இல்லாமத் திறக்கலாம், வேணுமெண்டுதான் திறக்கிறம். எஸ்எஸ்எச் போர்ட் செட்டிங்கிலும் 2222 எண்டு போடுங்கோ, குளோன் லிங்க் சரியா வரும். கிட்ஹப் பழக்கத்தில முக்காற்புள்ளிக்குப் பிறகு 2222 எண்டு எழுதுறவை இருக்கினம், கிட் அதை ஃபோல்டர் பேர் எண்டு நினைக்கும். எஸ்எஸ்எச் எண்டு முன்னால வாற முழு லிங்கைத்தான் பாவிக்க வேணும்.

8. வெளியில நிண்டு பாருங்கோ

ஒஃபிஸ் வைஃபையை விட்டிட்டு போன் டேட்டாவில ஹொட்ஸ்பொட் போட்டு லெப்டொப்பால, எந்தப் போர்ட் திறந்திருக்கெண்டு பார்க்கிற எண்மேப் ஓட்டுங்கோ, எல்லாப் போர்ட்டும். 22, 80, 443, 2222 மட்டும்தான் வர வேணும். 3000 வந்தா 4ஆவது படிக்குத் திரும்பிப் போங்கோ. சேர்வருக்கு ஐபிவி6 இருந்தா அதுக்கும் தனியா ஓட்டுங்கோ, அதை மறக்காத ஆளை நான் இன்னும் காணேல்ல.

பிறகு இன்கொக்னிட்டோவில பதிவுப் பக்கம், எக்ஸ்புளோர் பக்கம், ஒரு பிரைவேட் ரெப்போவின்ட நேர் லிங்க், நிறுவல் பக்கம் நாலையும் தட்டிப் பாருங்கோ.

9. ஃபெயில்டுபேன், கவனமா

பாஸ்வேர்ட் அடிச்சுப் பார்க்கிறவையை, லொக்கைப் பார்த்து இது ஐபியோட பூட்டும். ஆனா பிரொக்சி முன்னால நிக்கிறதால கிட்டீ லொக்கில எல்லாரும் 172இல தொடங்கிற ஒரே டொக்கர் ஐபியாத்தான் தெரிவினம். ரிவேர்ஸ் பிரொக்சி டிரஸ்டட் பிரொக்சீஸ் எண்ட செட்டிங்கில அந்த டொக்கர் நெட்வேர்க்கைச் சேர்த்தாத்தான் உண்மையான ஐபி வரும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் நம்பு எண்டு மட்டும் எழுதாதேங்கோ, பிறகு அனுப்புறவன் தன்ட ஐபியைத் தானே சொல்லுவான். லொக்கில உங்கட சொந்த ஐபி வாறதைப் பார்த்தாப் பிறகுதான் ஃபெயில்டுபேனை ஓட விடுங்கோ.

எங்கட ஒஃபிஸில ஒருத்தர் பாஸ்வேர்ட் மாத்தினவர், அவற்ற எடிட்டர் பழைய பாஸ்வேர்டோட சில நிமிஷத்துக்கொருக்கா ஃபெட்ச் பண்ணிக்கொண்டே இருந்திருக்கு. ஆறு பேரும் ஒரே ஐபி. அரை நாள் ஒருத்தருக்கும் சேர்வர் இல்ல, சேர்வர் விழுந்திட்டுது எண்டு எல்லாரும் நம்பியிருக்கிறம். பூட்டுற நேரத்தை 10 நிமிஷத்தோட விடுங்கோ, அதுவே போட்டுகளுக்குக் காணும்.

10. குரோலர்

பப்ளிக் ரெப்போ இருந்தாத்தான் இது. ஏஐ கொம்பனிகளுக்காக அலையிற குரோலர்கள் ஒவ்வொரு கொமிட்டையும், ஒவ்வொரு ஃபைலின்ட பிளேமையும் (எந்த வரியை ஆர் மாத்தினது எண்டு காட்டுற பக்கம்) லிங்க் லிங்காத் திறக்கும், சின்ன விபிஎஸ்ஸுக்கு மூச்சு நிண்டிரும். சிப்பாத் தாற ஆர்க்கைவ் லிங்குகளையும் அமத்தினா டிஸ்க்கும் நிரம்பும், ஏனெண்டா கிட்டீ அதுகளை உருவாக்கிச் சேமிச்சு வைக்கும். ஆர்க்கைவ் டவுன்லோடை நிப்பாட்டுங்கோ, அல்லது பழசைத் துடைக்கிற கிரோன் வேலை (நேரம் வச்சுத் தானா ஓடுறது) ஓடுதா எண்டு பாருங்கோ. குரோலரை வராதே எண்டு கேக்கிற ரோபோட்ஸ் ஃபைலை நம்பி ஒண்டும் நடக்காது. வாற பிரௌசரைச் சோதிச்சு உள்ள விடுற அனுபிஸ் எண்ட கருவியை முன்னால வச்சு நல்ல பலன் கண்டவை இருக்கினம்.

11. அப்டேட்

2024 ஜனவரியில கிட்லாப்பில சிவிஇ-2023-7028 எண்ட நம்பரில பாதுகாப்பு ஓட்டை ஒண்டு வெளிவந்தது, பாஸ்வேர்ட் மாத்திற ஈமெயிலை அந்நிய விலாசத்துக்கு அனுப்ப வைக்கிற ஓட்டை, பத்துக்குப் பத்து ஆபத்து. ரெண்டாங்கட்ட சரிபார்ப்பு போட்டிருந்தவையின்ட எக்கவுன்டுக்குள்ள மட்டும் போக ஏலாமப் போச்சுது. இப்பிடி ஒண்டு கிட்டீயிலயும் எப்பவும் வரலாம். அதால டொக்கர் இமேஜுக்கு லேட்டஸ்ட் எண்டு எழுதாம வேர்ஷன் நம்பரை எழுதி, புது வெளியீடு வந்தா ஈமெயில் வாற மாதிரி செய்து, குறிப்பை வாசிச்சு, நம்பரைக் கையால மாத்துங்கோ. உபுண்டுவிட பாதுகாப்பு அப்டேட்டுகள் தானா ஏறட்டும்.

அப்டேட்டுக்கு முந்தி பெக்கப்பை ஒருக்கா ஓட விடுங்கோ. போயா லீவுக்கு முதல் நாள் பின்னேரம் மட்டும் செய்யாதேங்கோ.